சீர்காழி தந்த நூலகரும் திருகோணமலைச் சிறுவர்களும்

ஒக்டோபர் மாதம் எமது நாட்டில் ஆண்டுதோறும் தேசிய வாசிப்பு மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. திருகோணமலை மாவட்டத்திலும் நகரப் பொது நூலகம் தொடக்கம் பிரதேச சபைகளின் கீழ் இயங்கும் சிறிய நூலகங்கள் வரை அம்மாதத்தில் பரபரப்பாகக் காணப்படும். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, கையெழுத்துப் போட்டி, சித்திரப் போட்டி என்பன நடைபெறும். பாடசாலைப் பிள்ளைகள் பதாகைகளைத் தாங்கி வீதியில் ஊர்வலம் வருவர். பரிசளிப்பு விழாவில் பிரமுகர்கள் உரையாற்றுவர். மறுநாள் பத்திரிகைகளில் படமும் வெளிவரும்.

இவை வேண்டாதவை என்று நாம் கூறவில்லை. ஆயினும், வாசிப்பின் பயன் என்ற தலைப்பில் பேசி முதற்பரிசு பெற்ற பிள்ளை அந்த ஆண்டில் நூலகத்திலிருந்து எத்தனை புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்றது என்று கேட்டுப் பார்த்தால், பல இடங்களில் கிடைக்கும் விடை மகிழ்ச்சி தருவதாக இராது. நவம்பர் பிறந்ததும் பிள்ளைகள் தனியார் கல்வி நிலையங்களுக்குத் திரும்பி விடுகின்றனர். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்களுக்கு வெளியே ஓர் எழுத்தையேனும் வாசிக்க நேரமின்றி வளரும் தலைமுறையொன்றை நாம் உருவாக்கி வருகின்றோம். சிறுவர் பகுதி என்று பெயர்ப்பலகை தொங்கும் அறையில் கண்ணாடி அலுமாரி பூட்டிக் கிடப்பதையும், திறப்பை வைத்திருப்பவர் வேறு அலுவலாகப் போயிருப்பதையும் கண்டவர்கள் எம்மில் பலர் உளர்.

இந்த நிலையிற்றான், நூல் அலுமாரிகளின் பூட்டைத் திறப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்த ஒரு தமிழரின் வாழ்க்கையை நினைவுகூர விரும்புகின்றோம். அவர் பெயர் சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன். உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் எஸ். ஆர். ரங்கநாதன் என்று படிக்கும் அதே பெருமகன். நூலகர்களுக்கு அவர் ஆசான். பொதுமக்களுக்கோ பெயரளவில் மாத்திரம் தெரிந்தவர். சிறுவர்களைப் பற்றி அவர் என்ன எண்ணினார் என்பது நூலகர்களிடையேகூட அதிகம் பேசப்படுவதில்லை.

சீர்காழிக்கும் திருகோணமலைக்கும் உள்ள உறவு எமது வாசகர்களுக்குப் புதிதன்று. கோணேசர் மீது பதிகம் பாடிய திருஞானசம்பந்தர் அவதரித்த ஊர் அது. மூன்று வயதுக் குழந்தை பாடியதைக் கேட்டுப் போற்றிய மரபின் ஊரில், 1892 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அரங்கநாதன் பிறந்தார். தந்தை இராமாமிர்த ஐயர் சிறு நிலவுடைமையாளர். ஊரார் சிலரை அமர்த்தி இராமாயணப் பொழிவு நிகழ்த்துவது அவரது வழக்கம். அத்தந்தை மகனுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே காலமானார். தந்தையின் நினைவென்று அரங்கநாதனிடம் எஞ்சியவற்றுள் அந்தக் கதைகேட்கும் திண்ணையும் ஒன்றாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். எழுத்தறியுமுன் கதை கேட்ட பிள்ளைதான் பின்னர் புத்தகத்தைத் தேடிப் போகின்றது என்பதைச் சிறுவர் நூலகம் நடத்தியவர்கள் எல்லோரும் அறிவர்.

சீர்காழியிலிருந்த சபாநாயக முதலியார் இந்து உயர்தரப் பாடசாலையில் கற்ற காலத்தில் அரங்கநாதன் உடல்நலம் குன்றியவராகவும் திக்குவாய் உடையவராகவும் இருந்தார். இருந்தும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்று 1913 இல் இளமாணிப் பட்டமும் 1916 இல் கணிதத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். அங்கு அவருக்கு வாய்த்த பேராசிரியர் எட்வர்ட் ரோஸ். மாணவனின் திக்குவாயைக் காணாது அவனது சிந்தனையைக் கண்ட ஆசிரியர் அவர் எனலாம். 1917 இல் ஆசிரியப் பயிற்சியையும் முடித்துக்கொண்டு மங்களூர், கோயம்புத்தூர் அரசினர் கல்லூரிகளில் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். பேச்சில் தடங்கல் உள்ள ஒருவர் வகுப்பறையைத் தொழிலாகத் தெரிந்துகொண்டது துணிச்சலான செயலே.

அவர் கற்பித்த முறையும் வழமையானதன்று. குறிப்புச் சொல்லி எழுத வைப்பதை அவர் விரும்பவில்லை. மாணவர்களை நூல்களிடம் அனுப்பி, தேடி வாசித்து, வந்து விவாதிக்கச் செய்தார். ஒவ்வொரு மாணவனும் வெவ்வேறு வேகத்தில் நடப்பவன் என்பதை அவர் கணித வகுப்பிலேயே கண்டுகொண்டார். நூலகம் பற்றி அவர் பின்னர் எழுதிய எல்லாவற்றுக்கும் அடியிலுள்ளது இந்த ஆசிரிய அனுபவந்தான். 1920களின் தொடக்கத்தில் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அக்கல்லூரியின் பெயரைச் சொல்லும்போது திருகோணமலை வாசகர்கள் இன்னொருவரையும் நினைத்துக் கொள்வர். தமிழின் முதலாவது வரலாற்று நாவல் என்று கொள்ளப்படும் மோகனாங்கியை 1895 இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை எமது மண்ணைச் சேர்ந்தவர். சென்னையில் அக்கல்லூரியைச் சார்ந்திருந்த சுவடி நூலகத்தில் பணியாற்றியவர். 1902 இல் இளமையிலேயே மறைந்து போனார். அரங்கநாதன் அக்கல்லூரிக்கு வரும்போது அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரையும் ஒரே வளாகம் இணைக்கின்றது. நூலகத்தில் இருந்துகொண்டு எழுதிய திருகோணமலை மைந்தனின் பெயரை எமது சிறுவர்களில் எத்தனை பேர் அறிவர் என்பது வேறு கேள்வி. அதற்கு இங்கு இடமில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் தனது நூலகத்துக்கு முதன்முறையாக ஒரு நூலகரை நியமிக்க முற்பட்டபோது நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். அவர்களில் எவரும் அத்துறையில் முறையாகப் பயின்றவர் அல்லர். அரங்கநாதனும் அவ்வாறே. சம்பளம் கூடுதலானது என்பதும் நண்பர்களின் வற்புறுத்தலுமே அவரை விண்ணப்பிக்கத் தூண்டின. நேர்முகப் பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்னர் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையை வாசித்ததே அவரது முன்தயாரிப்பு. 1924 ஜனவரியில் பதவியேற்றார். சில நாட்களிலேயே அந்தத் தொழில் அவருக்குக் கசந்து போயிற்று. காரணம் தனிமை. வகுப்பறையின் இரைச்சலில் வாழ்ந்தவருக்கு ஆளரவமற்ற மண்டபமும் தூசி படிந்த அடுக்குகளும் சிறையாகத் தோன்றின. மாநிலக் கல்லூரிக்கு ஓடிச்சென்று தம்மை மீள எடுத்துக்கொள்ளுமாறு மன்றாடினார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும், அதன் பின்னரும் பிடிக்காவிடில் திரும்பி வரலாம் என்ற ஏற்பாட்டின் பேரிலேயே அவர் கப்பலேறினார்.

இந்த நிகழ்ச்சியை அவரது வாழ்க்கையை எழுதுவோர் வேடிக்கைக் கதையாகக் கூறிச் செல்வது வழக்கம். எமக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. வாசகர் வராத நூலகத்தில் நூலகனாலும் இருக்க முடியாது என்ற உண்மையை முதல் வாரத்திலேயே உடம்பால் உணர்ந்தவர் அவர். பின்னாளில் அவர் வகுத்த விதிகள் அனைத்தும், வெறுமையாகக் கிடந்த அந்த மண்டபத்துக்கு ஆட்களை அழைத்துவரும் வழிகளே.

இலண்டனில் அவருக்கு வாய்த்த ஆசான் பேர்விக் சேயர்ஸ். இலண்டனை அடுத்த குரொய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகர் அவர். நூற்பகுப்பாக்கத்தில் வல்லுநர் என்பதற்காகவே அரங்கநாதன் அவரை நாடினார் என்று நூலகவியல் நூல்கள் எழுதும். ஆனால் சேயர்ஸுக்கு இன்னொரு முகம் உண்டு. சிறுவர் நூலகம் பற்றி 1911 ஆம் ஆண்டிலேயே தனி நூல் எழுதியவர் அவர். பிள்ளைகளுக்கெனத் தனி அறை, அவர்கள் உயரத்துக்கு ஏற்ற அடுக்குகள், அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் நூலகர், கிழமைதோறும் கதை சொல்லும் நேரம் என்பவற்றை வற்புறுத்தி வந்தவர். இன்று சிறுவர் நிகழ்ச்சிகள் என்று நாம் குறிப்பிடுபவற்றில் பெரும்பாலானவை அக்காலத்திலேயே அங்கு நடைமுறைக்கு வந்திருந்தன.

அரங்கநாதன் அங்கு தங்கியிருந்த காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சென்று பார்த்தார். தொழிலாளியும் இல்லத்தரசியும் பாடசாலைப் பிள்ளையும் ஒரே வாசலால் நுழைவதைக் கண்டார். எமது நாடுகளில் நூலகம் என்பது படித்தவர்களின் உடைமை. அங்கோ அது படிக்க விரும்புபவர்களின் உடைமை. இந்த வேறுபாடு அவரை உலுக்கியது. தாயகத்துக்குத் தேவையான பணி இது என்ற முடிவுக்கு அவர் வந்தது அப்போதுதான். கணித வகுப்புக்குத் திரும்பும் எண்ணம் அதன்பின் எழவேயில்லை.

இன்னொரு சிறு செய்தியும் இங்கு பொருத்தமானது. இலண்டனிலுள்ள செல்பிரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ எனப்படும் விளையாட்டுப் பொருளை அவர் கண்டார். துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் விதவிதமாகப் பூட்டி ஒரு பிள்ளை வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். அறிவுத்துறைகளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து வேண்டியவாறு இணைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1933 இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற கோலன் பகுப்பு முறையின் மூலவித்து ஒரு சிறுவர் விளையாட்டுப் பெட்டியிலிருந்து கிடைத்தது. பிள்ளைகளின் விளையாட்டை நேரவிரயம் என்று கருதும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1925 இல் நாடு திரும்பியவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைத் தலைகீழாக மாற்றினார். வாசகர்கள் அடுக்குகளுக்கிடையே தாமே நடந்து சென்று நூலைத் தொட்டு எடுக்க வழிசெய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். வாரத்தின் ஏழு நாட்களும் அதைத் திறந்து வைத்தார். வந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டு உதவுவதற்கென ஊழியர்களை நியமித்தார். இருபது ஆண்டுகள் விடுமுறை என்பதே இல்லாமல் உழைத்தார் என்பர். முதல் மனைவி உருக்மிணி 1928 இல் விபத்தொன்றில் இறந்தார். மறு ஆண்டு சாரதாவை மணம் புரிந்த நாளன்றுகூட அவர் நூலகத்துக்குத் திரும்பி வந்துவிட்டார் என்று சொல்லப்படுவதுண்டு. அதனைப் போற்றுவதா வருந்துவதா என்பதை வாசகர்களின் தீர்ப்புக்கே விடுகின்றோம்.

1928 இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகள் என்ற அவரது நூல் வெளிவந்தது. நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பன அவ்விதிகளின் சாரம். கேட்பதற்கு மிக எளியவை. இவ்வளவு எளிய விடயத்துக்கு ஒரு நூலா என்று அன்று கேட்டவர்களும் இருந்திருப்பர்.

ஆனால் சிறுவர் பகுதியொன்றில் நின்றுகொண்டு இவ்விதிகளைப் பொருத்திப் பார்த்தால் அவற்றின் கூர்மை விளங்கும். முதலாம் விதியை விளக்கும்போது அவர் பேசுவது தத்துவம் அன்று. நூலகம் எந்த இடத்தில் இருக்கின்றது, எத்தனை மணிக்குத் திறக்கின்றது, தளபாடம் எவ்வாறானது, அங்குள்ள ஊழியர் எத்தகையவர் என்பவற்றையே அவர் ஆராய்கின்றார். பாடசாலை முடிந்து பிற்பகல் இரண்டு மணிக்கு வெளியே வரும் பிள்ளை, மாலை நேர வகுப்புக்குச் செல்லுமுன் நூலகத்தில் அரை மணி நேரம் கழிக்க முடியுமா? ஆறு வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் புத்தகம் இருக்கின்றதா? புத்தகம் கிழிந்துவிடும் என்ற அச்சத்தில் அது பூட்டப்பட்டிருக்கின்றதா? கிழிந்த புத்தகம் ஒரு பிள்ளையால் வாசிக்கப்பட்ட புத்தகம். கிழியாமலே பழசாகிக் கணக்கெடுப்பில் மாத்திரம் இடம்பெறும் புத்தகத்தினால் எவருக்கும் பயனில்லை. மத்திய கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வரலாற்றை அரங்கநாதன் தமது நூலில் எடுத்துக்காட்டுகின்றார். எமது கண்ணாடி அலுமாரிகள் அந்தச் சங்கிலியின் பேரப்பிள்ளைகள்.

இரண்டாம் விதியை விளக்க அவர் கையாண்ட முறை எமக்கு மிகவும் பிடித்தமானது. அவ்விதி ஒரு மன்னனைப் போல் உலகெங்கும் திக்குவிசயம் செய்து, நூல் மறுக்கப்பட்டவர்களை ஒவ்வொருவராக மீட்டுச் செல்வதாக அவர் எழுதிச் செல்கின்றார். செல்வர்க்கு மாத்திரமன்றி எளியோர்க்கும், ஆண்களுக்கு மாத்திரமன்றிப் பெண்களுக்கும், நகரத்தார்க்கு மாத்திரமன்றிக் கிராமத்தார்க்கும் நூல் உரியதாகின்றது. அந்தப் பயணத்தில் நிலத்தில் வாழ்வோரைப் போலவே கடலில் தொழில் செய்வோரும், வளர்ந்தோரைப் போலவே குழந்தைகளும் வருகின்றனர். கடலையும் குழந்தையையும் அவர் அடுத்தடுத்து வைத்து எண்ணியது தற்செயலாக இருக்கலாம். துறைமுக மாவட்டமொன்றில் வாழும் நாம் அதைத் தற்செயல் என்று கடந்து போக முடியாது.

திருகோணமலையின் அமைப்பை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நகரம் ஒரு முனையில் இருக்கின்றது. உட்துறைமுகமும் கொட்டியாரக் குடாவும் தம்பலகாம வாவியும் நிலத்தைத் துண்டு துண்டாக்கி விடுகின்றன. மூதூர் மக்களுக்கு நகரம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தெரியும். தரை வழியாக வருவதானால் குடாவைச் சுற்றி நெடுந்தூரம் பயணிக்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும் வரை அங்குள்ளோர் பாதைப் படகுக்காகக் காத்திருந்தே காலம் கழித்தனர். சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல், வடக்கே குச்சவெளி, புல்மோட்டை ஆகிய இடங்களின் பிள்ளைகளுக்கு நகர நூலகத்தின் சிறுவர் பகுதி வெறும் கேள்விப்பட்ட செய்தியே. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2006 ஆம் ஆண்டின் போரையும் அடுத்தடுத்துக் கண்ட கிராமங்கள் இவற்றுள் உள்ளன. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்தபோது பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளே நீரில் மூழ்கினர். பாடசாலைக்குப் போவதே உயிர் ஆபத்தாக இருந்த இடத்தில், கதைப்புத்தகத்துக்காக ஒரு தாய் தன் பிள்ளையை நகருக்கு அனுப்புவாளா?

இதற்கு அரங்கநாதனின் காலத்திலேயே ஒரு விடை காணப்பட்டது. ஐந்து விதிகள் வெளிவந்த அதே 1931 இல், தஞ்சை மாவட்டத்தின் மன்னார்குடிப் பகுதியில் எஸ். வி. கனகசபைப்பிள்ளை என்ற பொறியியலாளர் மாட்டுவண்டி ஒன்றை நூலகமாக அமைத்தார். வண்டி கிராமம் கிராமமாகச் சென்றது. எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டவும் பட்டது. சென்னை நூலகச் சங்கம் எழுப்பிய அலையின் பயன் அது. அரங்கநாதன் அம்முயற்சியைப் பெரிதும் மதித்தார். மோட்டார் வாகனம் வாங்கப் பணம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஊரில் எது ஓடியதோ அதில் புத்தகத்தை ஏற்றினர். எமது ஊரில் ஓடுவது முச்சக்கரவண்டியும் இயந்திரப் படகும். மூதூர் இறங்குதுறைக்கு மாதத்தில் இரு நாள் ஒரு புத்தகப் பெட்டி வந்திறங்குவது கற்பனைக்கு அப்பாற்பட்டதன்று.

நல்லெண்ணம் படைத்த தனிமனிதர்களை நம்பியே இப்பணி நிலைக்காது என்பதையும் அரங்கநாதன் உணர்ந்திருந்தார். நூலகத்துக்குச் சட்டம் வேண்டும், சட்டத்தின் வழி வரி வேண்டும், வரியின் வழி சம்பளம் பெறும் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும் என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் கதவுகளைத் தட்டினார். மசோதாக்களைத் தாமே வரைந்து கொடுத்தார். கல்வி அமைச்சராக இருந்த அவிநாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1948 இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதலாவது பொது நூலகச் சட்டம் அதுவே. தமிழகத்தின் ஊர்கள் தோறும் இன்று காணப்படும் கிளை நூலகங்கள் அதன் விளைவு.

எமது நாட்டில் பொது நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் உள்ளன. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஊரவர் தெரிவுசெய்த மன்றத்திடம் ஊரவர் கேள்வி கேட்கலாம் என்பது நன்மை. வடிகானுக்கும் வீதி விளக்குக்கும் குப்பை அள்ளும் உழவு இயந்திரத்துக்கும் ஒதுக்கிய பின் எஞ்சுவதே நூலகத்துக்கு என்பது தீமை. அதிலும் சிறுவர் பகுதி கடைசிப் பந்தியில் அமர்வது. இன்னொன்றையும் கூற வேண்டும். பல நூலகங்களில் பிள்ளை அங்கத்துவம் பெறுவதற்கு வரி செலுத்தும் ஒருவரின் கையொப்பம் கேட்கப்படுகின்றது. வாடகை வீட்டிலும் கரையோரக் குடிசையிலும் வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த இடத்திலேயே தடுக்கப்பட்டு விடுகின்றனர். இரண்டாம் விதியின் திக்குவிசயம் ஒரு விண்ணப்பப் படிவத்தின் முன் நின்று போகின்றது.

அரங்கநாதனின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகவே கூறலாம். 1940களின் நடுவில் சென்னையை விட்டு நீங்கினார். அங்கு இறுதி ஆண்டுகளில் அவருக்கு நேர்ந்த மனக்கசப்புகள் சில. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சுமார் ஓர் இலட்சம் நூல்களைத் தனியொருவராகவே பகுத்து ஒழுங்குபடுத்தினார். 1947 முதல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவர் டெல்லியில் இருந்த காலத்தில், 1951 இல், யுனெஸ்கோவின் முன்மாதிரித் திட்டமாக டெல்லிப் பொது நூலகம் திறக்கப்பட்டது. அதில் சிறுவர் பகுதி ஒரு மூலையாக இருக்கவில்லை. கதை சொல்லலும் நாடகமும் ஓவியமும் அங்கு ஆண்டு முழுவதும் நடந்தன. வாகனம் புறநகர்களுக்கும் சென்றது. பின்னர் சில ஆண்டுகள் சூரிச் நகரில் வாழ்ந்து, 1957 இல் பத்மஸ்ரீ விருது பெற்று, பெங்களூரில் நிலைகொண்டு 1962 இல் ஆவணவாக்கல் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தை நிறுவினார். 1965 இல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆக்கியது.

ஈழத்தமிழர்களாகிய எமக்கு அவர் செய்த பேருதவியை மறத்தலாகாது. கே. எம். செல்லப்பா தமது வீட்டில் தொடங்கிய சிறு நூல் நிலையம் வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகமாக உருவெடுத்தபோது, அதன் கட்டடம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு அரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தயாரித்தார். 1954 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1959 இல் திறந்துவைக்கப்பட்ட அந்நூலகத்தில் பின்னர் சிறுவர்க்கெனத் தனிப்பகுதியும் இயங்கியது. 1981 இல் சுமார் 97,000 நூல்களுடன் அது எரியூட்டப்பட்டது. அரங்கநாதன் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகியிருந்தார். ஓலைச்சுவடிகள் அழிந்ததைப் பற்றி நாம் எழுதியும் பேசியும் வந்துள்ளோம். அன்று தம் கையில் அங்கத்துவ அட்டை வைத்திருந்த சிறுவர்கள் அதன்பின் எங்கே வாசித்தார்கள் என்பதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

அவரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. தம்மைப் போலவே பிறரும் ஓய்வின்றி உழைக்க வேண்டும் என எதிர்பார்த்தார். அது எல்லோராலும் இயலாத காரியம். அவரது கோலன் பகுப்பு முறை அறிஞர்களின் வியப்பைப் பெற்றதேயன்றி நூலகங்களில் பரவலாக நிலைக்கவில்லை. எமது நாட்டு நூலகங்களும் பெரும்பாலும் டூயியின் தசமப் பகுப்பையே பின்பற்றுகின்றன. வருத்தத்துக்குரியது வேறொன்று. அவர் பெயரால் இயங்கும் நூலகவியல் கல்வி அவரது குறியீடுகளையும் சூத்திரங்களையும் பரீட்சைக்காக மனனம் செய்தது. வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளையை உள்ளே அழைக்கும் அவரது மனப்பாங்கைக் கைவிட்டது. பட்டியலாக்கத்தில் தேர்ச்சி பெற்ற நூலகர்கள் எம்மிடம் உளர். முப்பது பிள்ளைகளைத் தரையில் அமர்த்தி ஒரு கதையை வாசித்துக் காட்டுவது தமது கடமை என்று பயிற்றப்பட்டவர்கள் மிகச் சிலரே. அவ்வாறு செய்பவர்கள் தம் சொந்த ஆர்வத்தினாலேயே செய்கின்றனர். அவர்கள் இடமாற்றம் பெற்றுச் சென்றதும் கதை நேரமும் அவர்களுடனேயே போய்விடுகின்றது.

திருகோணமலைக்கு இதில் தனிப்பட்ட ஒரு பொறுப்பும் உண்டு. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் வெவ்வேறு பாடசாலைகளில், பெரும்பாலும் ஒருவரையொருவர் காணாமலே வளர்கின்றனர். மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் கட்டணமின்றி, சீருடையின்றி, பரீட்சையின்றி ஒரே மேசையில் அமரக்கூடிய பொது இடங்கள் இம்மாவட்டத்தில் மிகக் குறைவு. நூலகத்தின் சிறுவர் பகுதி அவற்றுள் ஒன்று. அங்கு தமிழிலும் சிங்களத்திலும் புதிய படக்கதை நூல்கள் இருக்குமானால், பெரியவர்கள் மேடைகளில் பேசி முடியாத சில விடயங்களைப் பிள்ளைகள் ஓசையின்றி முடித்துவிடக்கூடும்.

ஓய்வுக் காலத்திலும் அரங்கநாதன் எளிமையாகவே வாழ்ந்தார். வாழ்நாட் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாவைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, நூலகவியலுக்கான பேராசிரியர் பதவியொன்றைத் தம் துணைவியார் சாரதாவின் பெயரையும் இணைத்து ஏற்படுத்தினார். 1972 செப்டெம்பர் 27 ஆம் திகதி பெங்களூரில் காலமானார். பகுப்பாக்கம், ஆவணவாக்கம், ஆராய்ச்சி நூலகம் எனப் பல துறைகளில் எழுதிக் குவித்தவர் இறுதிக் காலத்தில் எழுதிய நூல்களுள் ஒன்று, அவர் மறைந்து மறு ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. அது புதிய கல்வியும் பாடசாலை நூலகமும் பற்றியது. மங்களூரில் மாணவர்களை நூல்களிடம் அனுப்பிய இளம் ஆசிரியர், அரை நூற்றாண்டுக்குப் பின் அதே வகுப்பறைக்குத் திரும்பியிருந்தார்.

எமது மாவட்டத்தின் உள்ளூராட்சி மன்றங்கள் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டங்களை இவ்வாண்டு முடிவதற்குள் நிறைவேற்றியாக வேண்டும். வாசிப்பு மாதத்துக்கான பதாகைச் செலவு அதில் நிச்சயம் இடம்பெறும். சிறுவர் பகுதிக்கென்றே ஒரு நூலகரின் சம்பளம், பிற்பகலில் அப்பகுதி திறந்திருப்பதற்கான மேலதிக நேரக் கொடுப்பனவு, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் புத்தகப் பெட்டியைக் கொண்டுசெல்ல எரிபொருள் ஆகிய மூன்றும் அதில் உள்ளனவா என்பதைப் பெற்றோர்கள் தத்தமது வட்டாரத்து உறுப்பினர்களிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.